முப்பத்தொன்று எப்போது?

இப்போது யாழ்ப்பாணத்தில் எங்கள் நீர்வேலியில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டதென்றால் ஊர் கேட்கிற முதற் கேள்வி 'நிறை எவ்வளவு?' என்பதுதான். நான் சிறுவனாயிருந்த காலத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் அறியேன். ஆணோ பெண்ணோ என்பார்கள், எத்தனை மணிக்கு என்பார்கள், அந்த மணியை அடுப்புக்கரியால் சுவரில் எழுதிவைத்துவிட்டுச் சாத்திரியார் வீட்டுக்கு ஆளனுப்புவார்கள், தாய்க்குச் சுகந்தானே என்று குரலைத் தாழ்த்தி விசாரிப்பார்கள், அவ்வளவோடு சரி. தராசு இருந்ததெல்லாம் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும். பிள்ளையை அதில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றியதில்லை. அழுததா, முலையைப் பிடித்ததா, இரண்டும் நடந்துவிட்டால் மிச்சத்தை வாய்க்கால்தரவைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் நம்பிக்கையோடு தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விடுவார்கள்.

உங்களுக்கும் அந்த அறை ஞாபகமிருக்கும், உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும்: வெளிச்சம் குறைந்த மூலை அறை, வளையிலிருந்து தொங்குகிற ஏணை, ஏணைக்குக் கீழே ஒரு தடுக்குப்பாய், கதவைத் திறந்தவுடன் உள்ளியும் மிளகும் சாம்பிராணியும் கலந்து முகத்தில் மோதுகிற வாசம், பின்னுக்குக் கிணற்றடியில் நொச்சியும் பாவட்டையும் ஆடாதோடையும் போட்டு அவித்த வேதுத் தண்ணீர் அண்டாவில் கொதிக்கிற சத்தம், அதற்கு நடுவில் ஒருத்தி மாறி ஒருத்தி வந்து இருக்கிற பெண்கள். பெரியம்மா விடியப்புறம் வந்து சரக்கு அரைப்பா, மத்தியானம் மாமி வந்து தாயின் முதுகுக்கு எண்ணெய் போடுவா, பொழுதுபட்டால் அப்பாச்சி காலை நீட்டிக்கொண்டு பிள்ளையைக் காலில் கிடத்தி அதன் மூக்கையும் நெற்றியையும் தடவித் தடவி உருவாக்கிக்கொண்டிருப்பா. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து 'முப்பத்தொன்று' வைக்கும்வரை, பிள்ளை பெற்றவள் தனியாக இருந்த ஒரு மணித்தியாலம்கூட அந்த முப்பது நாளில் இருந்திருக்காது. நாங்கள் சிறுவர்கள் வாசலில் நின்று எட்டிப்பார்ப்போம். துடக்கு வீடு, உள்ளே வராதே என்று விரட்டுவார்கள். விரட்டின கையாலேயே ஒரு கற்கண்டும் தருவார்கள்.

அந்த அறையை நினைத்து ஏங்குகிற பலரை எனக்குத் தெரியும், நானும் ஏங்குகிறவன்தான். ஆனால் அந்த அறையிலிருந்து எல்லோரும் வெளியே வரவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அப்பாச்சி எட்டுப் பெற்றவ; எங்களுக்குத் தெரிந்த பெரியப்பாமார், மாமிமார், ஐயா எல்லோரையும் கூட்டினால் ஐந்து பேர்தான் வருவார்கள். மற்ற மூன்றையும் பற்றிக் கேட்டால் 'தங்கேல்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு வெற்றிலையை எடுப்பா. 1946ஆம் ஆண்டில் இலங்கையில் உயிரோடு பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் ஏறக்குறைய 140 பிள்ளைகள் ஒரு வயதைக் காணவில்லை. மலேரியாக் காய்ச்சல் நாட்டைத் தின்ற 1935இல் அது 263. அப்பாச்சியின் கணக்கு அந்த நாட்டுக் கணக்குக்குள் எங்கோ கிடந்தது. ஏழு மாதத்தில் பிறந்தது தங்கும், எட்டு மாதத்தில் பிறந்தது தங்காது என்று கிழவிகள் உறுதியாகச் சொன்னார்கள்; உண்மை நேர்மாறானது, ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு இலாபம்; ஆனாலும் எட்டு மாதத்துப் பிள்ளை போய்விட்டால் தாயைக் குற்றஞ்சொல்ல யாரும் துணியாதபடி அந்த நம்பிக்கை ஒரு காவலாக நின்றது. போன பிள்ளைகளுக்குப் பின்னால் பிறந்ததைத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவார்கள், யமனுக்கு விலாசம் தெரியாமல் போகட்டுமென்று. 'உன்னைத் தவிட்டுக்கெல்லோ வாங்கினது' என்று எங்களைச் சீண்டிச் சிரித்த மாமிமார் அந்தச் சிரிப்புக்குள் எத்தனை பயத்தை வைத்திருந்தார்கள் என்பது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது.

பிறகு பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. யாழ்ப்பாணத்தில் அது திடீரென்று நடந்ததல்ல. மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1857இலேயே பிரசவ வைத்தியத்தைத் தமிழில் நூலாக்கி எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர். 19ஆம் நூற்றாண்டு முடிகிற தறுவாயில் இணுவிலில் பெண்களுக்கென்றே மக்லியோட் ஆஸ்பத்திரி எழுந்தது. நீர்வேலி, கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்தில் என் வயதுக்காரர் நாலுபேரைக் கூட்டி 'எங்கே பிறந்தீர்கள்' என்று கேட்டால் ஒருவராவது இணுவில் என்பார். அம்மாவுக்கு நோக் கண்டபோது வாடகைக்கு அமர்த்திய ஏ-40 சோமசெட் காரில் பின்சீற்று நிறையப் பெண்கள், முன்சீற்றில் ஐயாவும் சாரதியும், மடியில் மல்லிக்கோப்பிப் போத்தல், காலடியில் பழஞ்சீலை மூட்டை, உரும்பிராய்ச் சந்தி தாண்டும்வரை எல்லோரும் ஒரே நேரத்தில் தேவாரம். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அறை கூடவே போயிற்று என்பதுதான் அந்தக் காலத்தின் சுகம். கட்டிலைச் சுற்றி அதே பெரியம்மா, அதே மாமி. நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் திரும்பிவரும்போது சுபாஸில் ஐஸ்கிரீம் வாங்கித் தருவார்கள். அதனால் சொந்தத்தில் யார் பிள்ளை பெறப்போகிறார்கள் என்ற செய்தியை நாங்கள் மிகுந்த அக்கறையோடு கவனித்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவுக்கு என் தங்கைக்குப் பிறகு ஒரு ஆண்பிள்ளை பிறந்து எட்டாம் மாதக் குறைப்பிள்ளையாய் இரண்டு நாள் இருந்தது. மூச்சு எடுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது என்று அம்மா பிறகு எப்போதாவது சொல்லுவா. அதற்கு அடுத்த வருடம், 1963 ஓகஸ்ட்டில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்குப் பிறந்த பற்றிக் என்ற ஆண்பிள்ளை, ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, 2 கிலோவுக்குச் சற்று அதிகமான நிறையோடு, முப்பத்தொன்பது மணித்தியாலம் மூச்சுக்குப் போராடிப் போய்ச் சேர்ந்த செய்தியை ஐயா பத்திரிகையில் சத்தமாக வாசித்தார். குசினிக்குள் நின்ற அம்மா கரண்டியோடு வெளியே வந்து, 'அங்கையும் இப்பிடித்தானோ' என்று கேட்டுவிட்டு அப்படியே திண்ணையில் இருந்தா. உலகத்தின் மிகப் பணக்கார நாட்டு ஆஸ்பத்திரியில் அழுத்த அறைக்குள் வைத்து ஒக்சிசன் கொடுத்தும் தங்காத ஒரு நோய்தான் தன் பிள்ளைக்கும் வந்ததென்று அறிந்தது அம்மாவுக்கு ஒருவகை ஆறுதலாயிருந்தது என்று நினைக்கிறேன். தன் சாப்பாட்டிலோ நடையிலோ குறையில்லை என்று அன்றைக்குத்தான் அவ முதன்முதலாக நம்பியிருக்கவேண்டும்.

அந்த நோயின் காரணத்தை மேரி எலன் ஏவரி என்ற பெண் வைத்தியர் அதற்கு நாலு வருடம் முந்தி, 1959இல் எழுதிவிட்டிருந்தார்: பிள்ளையின் நுரையீரலில் உள்ள சின்னஞ்சிறு காற்றறைகள் மூச்சு விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் காக்கிற ஒரு வழுவழுப்பான படலம் குறைப்பிள்ளைக்கு இன்னும் ஊறியிருக்காது. காரணம் தெரிந்ததற்கும் மருந்து கிடைத்ததற்கும் நடுவில் இருபது வருடம் போயிற்று. நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும் தாய்க்கு முன்கூட்டியே ஊசி போட்டுப் பிள்ளையின் நுரையீரலைப் பழுக்கவைக்கலாம் என்று 1972இல் காட்டினார்கள். ஜப்பானில் புஜிவாரா அந்தப் படலத்தையே மருந்தாக்கிப் பிள்ளையின் மூச்சுக்குழலுக்குள் விட்டுக் காப்பாற்றியது 1980. இன்றைக்குக் கென்னடியின் பிள்ளை நிறையில் ஒரு பிள்ளை யாழ்ப்பாணத்தில் பிறந்தால் வைத்தியர்கள் பெரிதாகப் பதறமாட்டார்கள். மூக்கில் காற்றழுத்தக் குழாயைப் பொருத்தி, தேவையென்றால் அந்த மருந்தைக் கொடுத்து, பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் தம்பிக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

வைத்தியம் முன்னேறிக்கொண்டிருந்த அதே காலத்தில் எங்கள் மண்ணில் நடந்தது வேறு. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தொடங்கியது. பெரியாஸ்பத்திரி போதனா வைத்தியசாலை ஆயிற்று. எங்கள் பிள்ளைகளை எங்கள் பிள்ளைகளே பார்க்கப்போகிறார்கள் என்று ஊர் நெஞ்சு நிமிர்ந்தது. ஒன்பது வருடத்தில், 1987 ஒக்டோபர் 21, தீபாவளியன்று, இந்திய அமைதிகாக்கும் படையினர் அந்த ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டார்கள். நோயாளரும் ஊழியருமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறுநாட் காலை, ஒளிந்திருந்தவர்களைக் காப்பாற்றவென்று, தாங்கள் வைத்தியர்கள் என்று சொல்லிக்கொண்டு கையை உயர்த்தியபடி வெளியே வந்தவர் குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம். அவரையும் சுட்டுவிட்டார்கள். குழந்தைகளின் மூச்சைக் காப்பதே தொழிலாய்க் கொண்ட ஒருவரை அந்த நிலத்தில் அப்படி வீழ்த்தியதை நினைக்காமல் என்னால் இந்த விஷயத்தை எழுதமுடியாது. ஒவ்வொரு ஒக்டோபரிலும் அங்கே அவர்களின் படங்களுக்கு விளக்கேற்றுகிறார்கள்.

1990க்குப் பிறகு போரோடு மின்சாரமும் போயிற்று. ஜாம்போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் நாலு சொட்டு மண்ணெண்ணெயும் விட்டு ஏற்றிய விளக்கில் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. கார்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலி பாட, ஊரே சுற்றியிருந்து கேட்டது. அந்த நெருக்கத்தையும் அந்தப் பாட்டையும் இப்போது கைக்குள் உலகமே பாடுகிறபோது ஏன் தேடுகிறோமென்று தெரியவில்லை, தேடுகிறோம். ஆனால் குறைப்பிள்ளைக்கு வேண்டியது இடைவிடாத சூடு; சூட்டுக்கு மின்சாரம் வேண்டும்; மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் வேண்டும்; எண்ணெய் அரசின் தடைப்பட்டியலில் இருந்தது. என் மச்சாள் ஒருத்தி அந்தக் காலத்தில் ஒன்றரைக் கிலோவும் தேறாத ஒரு ஆண்பிள்ளையைப் பெற்றாள். மூத்த தாதியொருவர் அந்தப் பிள்ளையை ஒரு தொப்பியோடு மச்சாளின் சட்டைக்குள் நெஞ்சோடு நெஞ்சாய் வைத்து, மேலே ஒரு பழஞ்சீலையால் இறுக்கக் கட்டி, 'எடுக்கப்படாது பிள்ளை, குளிக்கப் போனாலும் கொம்மாட்டைக் குடுத்திட்டுப் போ' என்று சொல்லிவிட்டுப் போனார். வாரக்கணக்கில் அப்படியே இருந்தாள். அந்தப் பையன் இப்போது வாழைக்குலை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு லொறி ஓட்டுகிறான்.

மச்சாள் கேள்விப்பட்டிராத ஊர் பொகொற்றா. கொலம்பியாவின் தலைநகரான அங்கே 1978இல், ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு மூன்று பிள்ளைகளைக் கிடத்தவேண்டிய நெருக்கடியில், கிருமி தொற்றிப் பிள்ளைகள் சாவதைப் பொறுக்கமுடியாமல் எட்கார் றே என்ற வைத்தியர் பிள்ளைகளைத் தாய்மாரின் நெஞ்சில் கட்டி வைத்தார். கங்காரு முறை என்று அதற்குப் பெயர் வந்தது. ஏழை நாட்டின் இல்லாமையில் பிறந்ததென்பதால் பணக்கார நாடுகள் நெடுங்காலம் அதை இரண்டாந்தரமாகவே பார்த்தன. 2021இல் வெளியான ஆய்வொன்று, டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியிலும் கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளிலும் தாயின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோய்ப் போட்டு, பிறந்த உடனேயே பிள்ளையை நெஞ்சில் வைத்துப் பார்த்தது. பிள்ளை நிலைப்படும்வரை பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பிறகு தாயிடம் கொடுக்கிற வழக்கத்தோடு ஒப்பிட, சாவு நாலில் ஒரு பங்கு குறைந்தது. குறைப்பிள்ளைக்கு நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் தாயின் நெஞ்சு வேண்டுமென்று இப்போது உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

இதைக் கேட்டவுடன் 'அதைத்தானே எங்கட அப்பாச்சிமார் அந்தக் காலத்திலையே செய்தவை' என்று மார்தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். அப்பாச்சி பிள்ளையை அணைத்தா, உண்மை. மூன்று பிள்ளைகளைப் பின்வளவில் தாட்டா, அதுவும் உண்மை. அணைப்புக்கு மூச்சுக் குழாயின் உதவி வேண்டும். இளவெயிலில் பிள்ளையைக் காட்டினால் மஞ்சள் இறங்குமென்று அவவுக்குத் தெரியும். 1956இல் இங்கிலாந்தின் றொச்போர்ட் ஆஸ்பத்திரியில் ஜீன் வார்ட் என்ற தாதியும் பிள்ளைகளைத் தோட்டத்து வெயிலுக்குத் தள்ளிக்கொண்டுபோய் அதையேதான் கண்டார். ஆனால் வெயில் பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்குமான நிறவேறுபாட்டை அவர் வைத்தியரிடம் காட்டியதிலிருந்துதான் மூளையை மஞ்சள் தாக்காமல் காக்கிற நீலவெளிச்சம் பிறந்தது. அதுபோல யந்திரத்தை மட்டும் நம்பியதற்கும் உலகம் விலை கொடுத்திருக்கிறது. 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் குறைப்பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுத்த ஒக்சிசனால் பத்தாயிரம் பிள்ளைகளளவில் கண் பார்வை இழந்தார்கள். அதனால்தான் இன்று வீட்டுக்கு வந்த பிறகும் கண் வைத்தியரிடம் காட்டும் திகதியைத் தவறவிடாதீர்கள் என்று சொல்லியனுப்புகிறார்கள். அந்தத் திகதியை ஒரு நல்ல நாள் பெரிய நாளுக்காகக்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

என் மகளுக்கு இருபத்தொன்பதாம் வாரத்தில் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை, 1,150 கிராம். நீர்வேலிக்காரன் விளங்கிக்கொள்வதற்குச் சொன்னால் நல்ல கதலிச் சீப்பொன்றின் பாரம். குறைப்பிள்ளைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளே தாயை மட்டும் விட்டார்கள், தகப்பனை இடைக்கிடை, எங்களை இல்லை. கிருமித் தொற்றுக்குப் பயந்து இலங்கை முழுவதும் இருக்கிற வழக்கம் அது, நியாயமும் உண்டு. செருப்பைக் கழற்றி, மோதிரம் காப்பு எல்லாம் கழற்றி, முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவி மகள் உள்ளே போவாள். அங்கே மொனிற்றர்களின் கீச்சொலிக்கு நடுவில், கண்ணாடிப் பெட்டியின் வட்டத் துவாரத்துக்குள்ளால் கையை விட்டுப் பிள்ளையின் உள்ளங்கையில் விரலை வைத்துக்கொண்டு நிற்பாள். திரும்பி வந்து இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கொருமுறை பாலைப் பிழிந்து சின்னக் கோப்பையில் எடுத்துக் கொடுப்பாள், குழாயால் ஒரு மில்லிலீற்றர் இரண்டு மில்லிலீற்றராய் இறக்குவார்கள். அந்தச் சில துளிப் பாலுக்காக இரவு இரண்டு மணிக்கும் மணிக்கூடு வைத்து எழும்பி இருந்த பெண்பிள்ளைகள் அந்தத் தாய்மார் அறை நிறைய. சரக்குக் கறியில்லை, வேதில்லை, காலை நீட்டி உருவிவிட மாமியில்லை. வயிறு வெறுமையாய், தொட்டில் வெறுமையாய், பிள்ளை கண்ணாடிக்கு அப்பால். என் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்த பகல்களும் இருந்தன; அதைக் கவனித்துப் பக்கத்தில் வந்து இருந்தவள் வைத்தியருமல்ல, தாதியுமல்ல, தன் பிள்ளையோடு அங்கேயே நெடுநாள் கிடந்த நெடுந்தீவுப் பெண்ணொருத்தி. குறிகட்டுவானுக்கு வந்து படகேறித்தான் அவள் வீட்டுக்குப் போகவேண்டும்; அதனால் போகவேயில்லை. பம்பை எப்படிப் பிடிப்பது, எந்த மணியில் வைத்தியரிடம் கேட்டால் ஆறுதலாகப் பதில் சொல்வார், அலாரம் அடித்தால் மொனிற்றரைப் பார்க்காமல் பிள்ளையின் நிறத்தைப் பார் என்பதையெல்லாம் அவள்தான் படிப்பித்தாள்.

வெளியே வாங்கில் தகப்பன்மார். தோட்டக்காரன், மேசன், வங்கி உத்தியோகத்தர், ஆட்டோக்காரர் எல்லோரும் ஒரே வாங்கில். என் மருமகன் வாய் திறந்து பேசுவதே குறைவு. அவர் அங்கே பக்கத்திலிருந்தவரின் பிள்ளைக்கு இரத்தம் கொடுக்க ஆள் தேடி ஊரெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்ததை நான் கண்டேன். நியூயோர்க்கின் கொனி தீவின் கதை எனக்கு அந்த வாங்கில்தான் ஞாபகம் வந்தது. கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டியைப் பாரிசில் பார்த்துவிட்டு வைத்தியர் தார்னியே 1880இல் பிள்ளைக்குச் செய்த சூட்டுப் பெட்டியின் வழிவந்த பெட்டிகளை, மார்ட்டின் கூனி என்பவர் அங்கே 1903 தொடக்கம் நாற்பது வருடம் கடற்கரைக் காட்சிச்சாலையில் வைத்திருந்தார். உள்ளே உண்மையான குறைப்பிள்ளைகள். பார்க்க வந்தவர்கள் கொடுத்த நுழைவுக் காசில் தாதிமாருக்குச் சம்பளம். பெற்றவர்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பிழைத்தார்கள். வழிப்போக்கனுக்குத் திறந்திருந்த கண்ணாடி, பிறகு ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேர்ந்தபோது பெற்ற தகப்பனுக்கே மூடிக்கொண்டது.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற என் பெறாமகளுக்கும் இதேமாதிரி முந்திப் பிறந்த பிள்ளைதான். நாங்கள் இங்கே வாங்கில் இருந்த நாட்களில் அவள் வீடியோவில் வந்து தன் கதையைச் சொன்னாள். அங்கே அவளுக்குக் கட்டிலருகே சாய்கிற கதிரை. பிள்ளையின் சூட்டைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினது அவள். காலையில் வைத்தியர் குழு வந்தபோது 'இரவு இப்படி இருந்தது, நிறை இவ்வளவு ஏறியிருக்கு' என்று முதலில் பேசினது அவள். ஊசியும் மூச்சுக் குழாயும் மட்டுந்தான் தாதிமார் கையில். ரொறன்ரோ மவுண்ட் சைனாய் ஆஸ்பத்திரியின் வைத்தியர் ஷூ லீ தொடங்கிய முறை இது. அதை அவர் கண்டது எஸ்தோனியாவில்: 1979இல் தல்லின் நகரத்தில் தாதிமார் போதாமற் போனதால் வைத்தியர் லெவின் தாய்மாரையே உள்ளே கூப்பிட்டுப் பராமரிப்பை ஒப்படைத்திருந்தார். கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் 26 பிரிவுகளில் இதைச் செய்துபார்த்து 2018இல் வெளியிட்டார்கள். பிள்ளைகளின் நிறை கூடுதலாக ஏறியது, தாய்ப்பாலோடு வீட்டுக்குப் போனவை கூடின, பெற்றோரின் மனவுளைச்சல் குறைந்தது. முந்தி அதே பிரிவிலிருந்து பிள்ளையைக் கொண்டுபோன பெற்றோர் திரும்பி வந்து புதியவர்களோடு இருந்து பேசுவதும் அந்த முறையின் ஒரு பகுதி. எங்கள் நெடுந்தீவுப் பெண் சம்பளமில்லாமல், யாரும் நியமிக்காமல் செய்ததும் அதுதான்.

எங்கள் வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும் இதெல்லாம் தெரியாததல்ல. இடமும் கட்டிலும் ஆளும் குறைவு, சம்பளம் போதாமல் படித்த பிள்ளைகள் கடல் கடக்கிறார்கள், நிற்கிறவர்கள் இரண்டு பேரின் வேலையை ஒருவராகச் செய்கிறார்கள். என் பேத்தியின் நிலை சீரானதும் அவர்களே மகளைக் கதிரையில் சாய்த்துப் பிள்ளையை நெஞ்சில் வைத்துக் கட்டினார்கள். அன்றிலிருந்து மகள் பேசத் தொடங்கினாள், சாப்பிடத் தொடங்கினாள். ஆனபடியால் நான் கேட்பது பெரிய யந்திரமல்ல. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு உதவவேண்டுமென்று கேட்கிறவர்களிடம் கோயிலுக்கு இன்னொரு கோபுரம் என்று சொல்வதற்கு முன்னால், ஒவ்வொரு தொட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு சாய்மனைக் கதிரை, தீவுப்பகுதித் தாய்மாரும் வன்னித் தாய்மாரும் படுத்தெழும்ப ஒரு அறை, தகப்பன்மாருக்கும் நெஞ்சில் வைக்க ஒரு நேரம், முன்பு பிள்ளையைக் கொண்டுபோன ஒருத்தி கிழமையில் ஒருநாள் வந்துபோகப் பஸ் காசு என்று சொல்லுங்கள். மூலை அறையில் எங்கள் பெண்கள் காசில்லாமல் செய்துவந்த காவலுக்கு ஆஸ்பத்திரிக்குள்ளே ஒரு இடம் வேண்டும்.

பேத்தி இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாய் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே வழக்குத் தொடங்கியது. முப்பத்தொன்று ஆஸ்பத்திரிக்குள்ளேயே கழிந்துவிட்டது. துடக்குப் பிறந்த நாளிலிருந்துதான் கணக்கு, அது எப்போதோ போய்விட்டது என்றார் ஐயர். எண்பது வயதான என் அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

'பிள்ளையே இல்லாத வீட்டிலை என்ன முப்பத்தொண்டு? வந்த நாளிலை இருந்து எண்ணு' என்றா.

ஸ்கூட்டரில் வந்த மருத்துவமாது, பிள்ளையை நிறுத்து, இளஞ்சிவப்புச் சுகாதாரப் பதிவேட்டில் புள்ளியைக் குறித்துவிட்டு, மூன்றாவது கணக்கொன்றைச் சொன்னா: கழுத்து நிற்பதையும் சிரிப்பதையும் பிறந்த நாளிலிருந்து பார்க்கக்கூடாது, பிறந்திருக்கவேண்டிய நாளிலிருந்து பார்க்கவேண்டும், பதினொரு வாரம் கழித்துத்தான் எண்ணவேண்டும், ஆனால் தடுப்பூசி மட்டும் பிறந்த திகதிப்படி.

'அப்ப சாம்பிராணிப் புகை?' என்று அக்கா கேட்டா.

'பிஞ்சு நெஞ்சு ஆச்சி, புகை வேண்டாம். வேதுத் தண்ணி தாய்க்கு வாருங்கோ, சரக்குக் கறியும் குடுங்கோ. நீங்கள் செய்யிறதெண்டா மகள் குளிக்கப் போற நேரம் பிள்ளையை உங்கட நெஞ்சிலை வைச்சிருங்கோ. கையைக் கழுவிப்போட்டு.'

அக்கா அன்றிலிருந்து கிணற்றடியில் சவர்க்காரத்தை யாருக்கும் கொடுப்பதில்லை. முப்பத்தொன்றை வீட்டுக்கு வந்த முப்பத்தோராம் நாளில் வைத்தோம். படலையில் வாளியும் சவர்க்காரமும், தடிமன் உள்ளவர்களுக்கு முற்றத்து மாமரத்தடியில் கதிரை. வாங்கில் கூட இருந்த தகப்பன்மார் மூன்று பேர் வந்தார்கள், நெடுந்தீவுப் பெண்ணுக்குச் சோற்றுப்பொதியை மருமகன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இனிச் சோறு தீத்துகிற நாளை எந்தக் கணக்கில் வைப்பது என்று அக்கா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டா. சாத்திரியாரை நம்பாமல், அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டு வரச்சொல்லி அதை ஒரு தாளில் எழுதுவித்து மகளின் பைக்குள் வைத்திருக்கிறா.